பத்தர் துடைத்த கார்

கார் துடைக்கும் வேலையை யாரும் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்வதில்லை; வேறு வேலை கைவிட்டுப் போனவன்தான் வாளியோடு வந்து நிற்கிறான். நாற்பது வயதில் இரண்டாவது தொழிலுக்குப் போனவர்கள் உங்களிலும் இருப்பீர்கள், உங்களுக்கு இது புரியும். காரைக்குடியில் நகைப் பட்டறை வைத்திருந்த பத்தர் நான். பதினாலு கேரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று சட்டம் வந்தது. பதினாலு கேரட்டில் தாலி கேட்டு யார் வருவார்கள்? பட்டறையை மூடினேன். எனக்கு நகை வேலை கொடுத்துவந்த ஆச்சி ஒருவர், தன் வீட்டுக் காரைத் துடைக்க வரச் சொன்னார். அங்கே டிரைவராக இருந்த காதருக்கு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க வராது. ஓட்டுவார், தேய்க்க முடியாது. அந்த ஒரு கறுப்பு அம்பாசடரை நம்பித்தான் அவர் வீட்டிலும் என் வீட்டிலும் உலை கொதித்தது.

புளி

முதல் நாள் பம்பர் மங்கலாகத் தெரிந்தது. பித்தளைக்குச் செய்வதைச் செய்தேன். புளியைக் கரைத்து அப்பி, நன்றாக ஊறட்டும் என்று சாப்பிடப் போய்விட்டேன். மறுநாள் பம்பர் முழுக்கத் துருப் புள்ளி. காதர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வெறும் தண்ணி போதும், பத்தரே. இதுக்குக் கொழம்பெல்லாம் ஊத்த வேணாம்."

செம்மண்

அரியக்குடி போய்த் திரும்பிய கார் செம்மண் பூசிக்கொண்டு நின்றது. தூசிதானே என்று காய்ந்த துணியால் துடைத்தேன். முதலில் மேலிருந்து தண்ணீர் விட்டு மண்ணை ஓடவிட வேண்டும், பிறகுதான் துணி படவேண்டும் என்று காதர் வந்து சொன்னபோது ஏற்கெனவே கூரை முழுக்கக் கீறல். நகையில் மயிரிழைக் கீறலையும் பிடிக்கும் கண் எனக்கு. வெயிலில் அந்தக் கூரையைப் பார்க்க அழுகை வந்தது.

ஆச்சி வெளியே வந்தார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்பாரோ என்று துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: "நீங்க செஞ்ச அட்டிகையில ஒரு கீறல் பாத்ததில்ல. கைக்கு என்ன ஆச்சு, பத்தரே?"

ஓரம்

கீறலை மறைக்கக் காதர் பாலிஷ் டப்பா வாங்கி வந்தார். வண்டி நிழலில் நிற்க வேண்டும். உள்ளங்கை அகலம் மட்டும் எடுத்துக்கொண்டு லேசாகச் சுற்றித் தேய்க்க வேண்டும். காய்ந்து வெளுத்ததும் வேறு துணியால் எடுக்க வேண்டும். எல்லாம் செய்தேன். பானெட் ஓரம் வந்ததும் பட்டறைப் பழக்கத்தில் கை அழுத்திவிட்டது. கறுப்பு போய்த் தகரம் எட்டிப் பார்த்தது. காதர் அதை விரலால் தடவினார்.

"தங்கத்த எம்புட்டுத் தேச்சாலும் தங்கம். இதுல மேல மட்டுந்தான் கறுப்பு, பத்தரே."

முகம்

சில மாதம் போனது. ஓரத்துக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, எனக்கும் கை அடங்கியிருந்தது. ஒரு நாள் ஆச்சி, "நாளைக்கு ஆளுக வாராக, கார நல்லா வச்சிருங்க" என்றார். கல்யாணப் பேச்சாக இருக்கும் என்று நினைத்து, கற்றதையெல்லாம் அந்தக் காரில் காட்டினேன்.

வந்தவர் மதுரைக்காரர். பானெட்டில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார், ஆச்சியிடம் சாவியை வாங்கிக்கொண்டார். காரை விற்றுவிட்டதாகவும், மெட்ராஸில் மகனோடு போய் இருக்கப் போவதாகவும் ஆச்சி அப்போதுதான் எங்களிடம் சொன்னார். கார் தெருமுனை திரும்பும் வரை காதர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்குத்தான் பத்தரே, ஒரு கொறையும் சொல்ல முடியல."

பட்டறையில் இருபது வருஷம் உழைத்து இழந்த பிழைப்பை, காரில் ஒரே வருஷத்தில் இழந்தேன் என்றால், நானும் தொழில் கற்பதில் தேறிவிட்டேன் என்றுதானே அர்த்தம்.