பம்பாய்க்கு நூல் பிடித்தவர்

என் கல்யாண நாளைக் குறித்தது பாதிரியார் இல்லை. பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்த தேசப்படம்தான். அதைப் பார்த்துக் குறித்தவர் மாப்பிள்ளையே. ஆரணி மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். கணக்கில் புலி என்று ஊர் சொன்னது கொஞ்சம், அவரே நினைத்துக்கொண்டது அதிகம்.

அப்பா இல்லாத என்னைக் கைபிடித்துக் கொடுக்க அண்ணன் ஒருவன்தான் உண்டு. அவனுக்குப் பம்பாயில் வேலை. திங்கட்கிழமை காலையில் ரயில் ஏறுவதாகவும், அதற்குத் தகுந்தபடி நாள் வைக்கும்படியும் எழுதியிருந்தான். அவன் வராமல் கோயிலுக்குள் கால் வைக்கமாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன்.

வாத்தியார் பக்கத்து வீட்டு நெசவுக்காரரிடம் ஓர் இழை பட்டு நூல் வாங்கினார். அதன் ஒரு முனையைப் படத்தில் பம்பாய்மேல் வைத்து, மறுமுனையை ஆரணி வரைக்கும் இழுத்துப் பிடித்தார். குறுக்கே மலை இருந்ததா, ஆறு இருந்ததா என்பதெல்லாம் அவருக்கு அக்கறையில்லை. வந்த தூரத்தை ரயிலின் வேகத்தால் வகுத்தார்.

"செவ்வாக்கெழம மத்தியானம் சாப்பாட்டுக்கே வந்துடுவாரு. வியாழக்கெழம கல்யாணம் வச்சிக்கலாம்."

நூல் எதற்கென்று பார்க்கக் கூடவே வந்திருந்த நெசவுக்காரர் சிரித்தார். "வாத்தியாரே, தறியில நீளவாட்டுல இழுத்துக் கட்டற பாவு நூலு நீட்டா நிக்கும். குறுக்கால ஊடு நூலு போட்டு நெய்ய நெய்ய மேலயும் கீழயும் போய் நீளம் கொறஞ்சிடும். அதுக்குத்தான் கொஞ்சம் கூடவே உட்டுகினு பாவு போடறோம். ரயிலு மட்டும் நேரா வந்துடுங்களா?"

"அது தறிங்க, இது கணக்கு" என்றார் வாத்தியார்.

செவ்வாய் போனது. புதனும் போனது. வியாழக்கிழமை நான் புதுப்புடவையோடு கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஜனங்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். இன்று விட்டால் பெண்ணுக்குத்தான் கெட்ட பேர் என்று யாரோ என் காதில் விழும்படியே சொன்னார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உள்ளே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து வாசல் பக்கம் வந்தார். "பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லீங்க. என் கணக்குதான் தப்பு. அவங்க அண்ணன் வர்ற வரைக்கும் நான் காத்துகினு இருக்கேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். அதைச் சொல்லும்போது காது சிவந்துவிட்டது. அந்தக் காதைப் பார்த்தபோதுதான் அவர்மேல் எனக்கு முதல் முதலாக ஆசை வந்தது. இதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு மேல் ஏறிவிடுவார்.

சனிக்கிழமை பிற்பகல் அண்ணன் வந்து சேர்ந்தான், முகமெல்லாம் கரி. ராய்ச்சூரில் வண்டி மாறி, அரக்கோணத்தில் ஒன்றைத் தவறவிட்டு, காட்பாடியிலிருந்து மாட்டுவண்டியில் குலுங்கி வந்திருந்தான். இறங்கியதும், "கல்யாணம் முடிஞ்சிபோச்சா?" என்று பயந்துபோய்க் கேட்டான்.

பாதிரியார் வீடு தெருக்கோடியில்தான். போய்க் கூட்டிவர எவ்வளவு நேரமாகும் என்று வாத்தியார் கணக்குப் போடவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.