ஏழாக வெட்டினால் மீதி ஒன்று

ஐந்து பீன்ஸ், தள்ளு. ஐந்து பீன்ஸ், தள்ளு. காலை ஏழு மணிக்கே தகரக் கொட்டகைக்குள் வெயில் காந்துகிறது. மாத்திரை அக்கா நெற்றி வியர்வையைத் தோளில் ஒற்றிக்கொண்டு, நிறுத்தாமல் எண்ணுகிறார். கையில் இருப்பது மருந்துக் கடையில் மாத்திரை எண்ணும் மெல்லிய தகடு. அந்தக் கடையில் இருபத்தாறு வருஷம் நின்றவர். ஓய்வு பெற்ற அன்று முதலாளி கைக்கடிகாரம் கொடுக்க வந்தார். அது வேண்டாம் என்று இந்தத் தகட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது தங்கையின் காய்கறிப் பண்ணையில் பெட்டி கட்டுகிறார். முப்பத்தெட்டுக் குடும்பங்கள் முந்தின வருஷமே பேர் கொடுத்துப் பங்கு சேர்ந்துவிடும். அதை நம்பித்தான் தங்கை விதைப்பாள். சனிக்கிழமைதோறும் அந்த வாரம் என்ன விளைந்ததோ அது முப்பத்தெட்டுப் பங்காகப் பெட்டியில் ஏறும். நிறைய விளைந்தால் நிறைய, கொஞ்சம் விளைந்தால் கொஞ்சம். தங்கை இவர்களைப் பங்குதாரர்கள் என்பாள். அக்காவுக்கு இவர்கள் பங்காளிகள். "பங்குதாரர்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவான். பங்காளிதான் அடுத்தவன் பெட்டிய எட்டிப் பார்ப்பான்" என்பது அவர் கட்சி.

எட்டிப் பார்க்கும் அந்தக் கண்ணுக்குப் பயந்தே அவர் தக்காளியை ஒவ்வொன்றாக நிறுப்பார். ஒரு பெட்டியில் எடை துளி இறங்கினால் நான்கு வெண்டைக்காய் போட்டுச் சரிக்கட்டுவார். அந்த நான்கு வெண்டைக்காய் மற்றவர்கள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்து, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு முதலிலிருந்து கட்டுவார். பைகளில் சீட்டு வேறு ஒட்டுவார். கீரை: இன்றைக்கே. கத்தரிக்காய்: மூன்று நாளுக்குள். பச்சை மிளகாய்: குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். படித்துவிட்டு யாராவது சிரித்தால், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்குவதே இல்லை.

கோடை உச்சத்தில் வெள்ளரி காய்த்துத் தள்ளும் மூன்று வாரம்தான் அவருக்குப் பொற்காலம். ஆளுக்குப் பன்னிரண்டு, யாருக்கும் குறைவில்லை. பெட்டியைத் திறக்கும் பங்காளிகளின் முகம்தான் அந்த வாரங்களில் தொங்கிப்போகும். ஒருவர் வெள்ளரிக்காய்களை மட்டும் வேலியோரம் இறக்கி வைத்துவிட்டு மெல்ல நழுவப் பார்த்தார். அக்கா ஓட்டமும் நடையுமாகப் போய் வண்டியை மறித்து, உங்கள் பங்கை மறந்துவிட்டீர்கள் என்று பன்னிரண்டையும் மடியில் வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

தர்பூசணி விஷயம் அப்படியல்ல. போன கோடையில் முதலில் பழுத்தது ஆறே பழம். அக்கா சீட்டுக் குலுக்கினார், நியாயமாகத்தான் குலுக்கினார். ஒரே கட்டடத்தில் மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் குடியிருக்கும் ஓரகத்திகள் இருவரும் பங்காளிகள். மூத்தவருக்குப் பழம் விழுந்தது. இளையவருக்கு அடுத்த வாரம் என்று சொன்னார்கள், அடுத்த வாரம் கொடியில் இலைதான் இருந்தது. மாடிப்படியில் பார்த்துக்கொண்டால் முகத்தைத் திருப்பும் அளவுக்குச் சண்டை முற்றியது. புருஷன்மார் அண்ணன் தம்பி, அவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு வீடும் பண்ணையை விட்டது, அதே கட்டடத்தில் இன்னும் நான்கு வீடும் விட்டது. தங்கை தென்பக்கப் பாத்திகளை விதைக்காமல் போட்டாள்.

இந்தக் கோடையில் எல்லோரும் ஒருவழியாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். ஓரகத்திகளும் வந்தார்கள், ஆனால் ஒருவர் ஒன்பது மணிக்கு, மற்றவர் அவர் போன பிறகு. கொடியில் பதினொரு தர்பூசணி ஒரே வாரத்தில் பழுத்தது. அடுத்த வருஷத்துக்குப் பேர் எழுதும் நாளும் அந்தச் சனிக்கிழமைதான்.

வெள்ளிக்கிழமை அறுவடைக் கூடைகளை இறக்கும்போது தங்கை சொன்னாள். "இந்தத் தடவையும் அவங்க மூஞ்சியத் தூக்கிட்டுப் போனா, அடுத்த வருஷம் பெட்டிய நானே கட்டிக்கிறேன். நீ வீட்ல உக்காந்து ரெஸ்ட் எடு."

அக்கா இறக்கிய கூடையில் கத்தரிக்காய்களை எண்ண ஆரம்பித்தார். வீட்டில் அவருக்கு எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு நாற்காலி. ரெஸ்ட் என்ற அந்த ஒரு வார்த்தைக்கு அவர் நிஜமாகவே பயந்துபோனார்.

பழைய மாத்திரை உறை ஒன்றைக் கிழித்துக் கணக்குப் போட்டார். ஆறாக வெட்டினால் அறுபத்தாறு, ஆளுக்கு இரண்டு வராது. எட்டாக வெட்டினால் பன்னிரண்டு துண்டு மீதி, அதாவது பன்னிரண்டு சண்டை. ஏழாக வெட்டினால் எழுபத்தேழு. வீட்டுக்கு இரண்டு போக மீதி ஒன்றே ஒன்று. வெட்டின பழம் இந்த வெயிலில் பெட்டிக்குள் தாங்காது. ஆகவே வாசல் பலகையில் எழுதினார்: சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் ஒன்றாக வரவும். முன்னால் வந்தாலும் பெட்டி கிடையாது.

வந்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். கொட்டகையில் நிழல் போதவில்லை. எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் அக்கா ஒரு நூலைப் பழத்தின் வயிற்றைச் சுற்றிக் கட்டி அளந்தார். அதை ஏழாக மடித்து, தோலில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கோடு பிசகாமல் வெட்டினார். பதினொரு பழத்துக்கும் இதே சடங்கு. பெரிய பழத்தில் ஒன்று, சின்னப் பழத்தில் ஒன்று என்று ஜோடி சேர்த்துக் கொடுத்தார். ஓரகத்திகள் கொட்டகையின் இரண்டு மூலைகளில் நின்றார்கள். அவர்களைப் பக்கத்தில் கூப்பிட்டு, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் நீட்டினார்.

தின்ன ஆரம்பித்ததும் முணுமுணுப்பு அடங்கியது. முழங்கை வரை சாறு வழியும்போது யாரால் முறைப்பாக நிற்க முடியும்? இளையவர் துப்பிய விதை ஒன்று பறந்து போய் மூத்தவரின் செருப்பில் ஒட்டிக்கொண்டது. பேர் எழுதும் நோட்டுடன் மேசையில் இருந்த தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மூத்தவர் செருப்பைப் பார்த்தார். கையிலிருந்த பழத்தைப் பார்த்தார்.

"போன வருஷத்துப் பழம் இதோட கால் தூசிக்குப் பெறாது. வெறும் தண்ணி."

இளையவர் மெல்லுவதை நிறுத்தினார். "அத அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"எப்படிச் சொல்றது? அதுக்காக அவ்ளோ சண்டை போட்டாச்சே."

பக்கத்தில் நின்றவர் சிரித்துப் புரையேறினார். ஓரகத்திகள் ஒட்டும் கையோடு ஒரே பென்சிலை மாற்றி மாற்றி வாங்கிப் பேர் எழுதினார்கள். பின்னாலேயே மற்றவர்களும் வரிசை கட்டினார்கள்.

தட்டில் அந்த ஒரு துண்டு இருந்தது. மூத்தவர் இளையவரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இளையவர் மூத்தவரைச் சொன்னார். இரண்டு முறை உபசாரம், மூன்றாவது முறை குரல் ஏறியது. தங்கை எழுந்து வந்து தட்டைத் தூக்கி, நேரே அக்காவின் முன்னால் வைத்தாள்.

"நீ இன்னும் வாய்லயே வைக்கலை. பேசாம சாப்பிடு. அடுத்த வருஷமும் இந்தக் கூத்தெல்லாம் நீதான் பண்ணணும்."

முப்பத்தெட்டுக் குடும்பமும் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா துண்டைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். அவள் உதடு காலையிலிருந்து காய்ந்து கிடந்தது, கையில் சாற்றின் பிசுபிசுப்பே இல்லை. அக்கா இடுப்பில் செருகியிருந்த நூலை உருவி, துண்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பிடித்துப் பார்த்து, இரண்டாக மடித்தார்.