ஈ முட்டையில் புரதம் அளந்த வருடங்கள்

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் பழ ஈயின் முட்டைகளை அளந்துகொண்டிருந்தேன். மூன்று வயது மகள் வேலூரில் கணவரிடம் இருந்தாள். மார்ச்சில் வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவேன் என்று இருவரிடமும் சொல்லியிருந்தேன்.

ஈயின் முட்டை முதலில் ஒரே செல்தான்; உள்ளே உட்கருக்கள் மட்டும் பெருகிக்கொண்டே போகும். ஒரு முனையில் ஒரு புரதம் அடர்ந்திருக்கும், மறுமுனைக்குப் போகப்போகக் குறையும். தன்னைச் சுற்றி அது எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு உட்கருவும் தலையாவதா, மார்பாவதா என்று முடிவெடுக்கும். அந்த அளவு முட்டைக்கு முட்டை மாறாமல் இருக்குமா? அதுதான் என் கேள்வி. புரதத்துக்குச் சாயமேற்றி, அது ஒளிர்வதை நுண்ணோக்கியில் அளந்து கோடு வரைவேன். இரண்டு வருடம் வரைந்தேன். ஒரு கோடும் இன்னொன்றோடு ஒட்டவில்லை. இந்தப் புரதத்தை நம்ப முடியாது என்று எழுதிக்கொண்டுபோய் என் வழிகாட்டி மேடத்திடம் நீட்டினேன்.

பெங்களூர் காக்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, நாம பாட்டில்ல வளக்கற ஈ எதுக்காவது தலை இடம் மாறி முளைச்சிருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்ப ஈ கரெக்டாத்தானே இருக்கு? நீ எப்படி ஸ்டெயின் பண்றே?"

முட்டைகளைச் சேர்த்து ஃப்ரீசரில் வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் சாயமேற்றலாம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. அன்றன்றைய முட்டைக்கு அன்றன்றே சாயமேற்றிவிடுவேன். சொல்லும்போதே பிசகு எங்கே என்று புரிந்துவிட்டது. தினம் வைக்கிற குழம்பில் காரம் ஒரே மாதிரியா இருக்கிறது? ஒரு நாள் சாயம் தூக்கல், ஒரு நாள் மட்டு. இரண்டு வருடமும் என் கைப்பிசகைத்தான் அளந்திருக்கிறேன். அடச் சீ!

ஒரு வாரத்து முட்டைகளைச் சேர்த்து ஒரே குழாயில் சாயமேற்றினேன். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், எரிச்சல்தான் வந்தது. இந்தத் துளியூண்டு முட்டைக்கு இருக்கிற நிதானம்கூட எனக்கு இல்லையே!

"சூப்பர். எல்லாத்தையும் முதல்ல இருந்து அளந்துடு. ஆறு மாசம் எக்ஸ்டென்ஷன் வாங்கித் தரேன்" என்றார் மேடம். தலையாட்டினேன். வேறென்ன செய்ய? உடம்பெல்லாம் அலுத்துப்போயிருந்தது.

சாயங்காலம் நான் தங்கியிருந்த ஈஜிபுராவில் ஓர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன். இன்னும் ஆறு மாதம் ஆகும் என்றேன். கத்துவார், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். கணவர் கத்தவில்லை.

"பரவாயில்ல, இருந்து முடிச்சிட்டே வா. பாப்பாவும் இப்பல்லாம் அம்மா எப்ப வரும்னு கேக்கறதில்ல."