ஐம்பதைக் காத்த அண்ணாச்சி

போன வெள்ளிக்கிழமை காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது சங்கரலிங்கம் அண்ணாச்சியின் மகள் போன் செய்தாள். “மாமா, அப்பா போயிட்டாக” என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மின்வாரியச் சப்-ஸ்டேஷனில் அவர் ஆபரேட்டர், நான் ஹெல்ப்பர். அவரைக் கேலி செய்தே சம்பளம் வாங்கியவன், வாயில் நுரையோடு அப்படியே நின்றேன்.

எங்களோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் கண் எப்போதும் மீட்டர் முள்ளில்தான். “கட்டின பொண்டாட்டிய ஒருநாளாவது இப்படிப் பாத்திருக்கீகளா?” என்பேன். “அவ கோவிச்சா வீடுதாம்லே இருட்டு. இது கோவிச்சா நாடே இருட்டு” என்பார். உண்மைதான். நாடு முழுக்க ஒரே கம்பி வலை, அதில் கரண்டு நொடிக்கு ஐம்பது தடவை துடிக்க வேண்டும். வடக்கே எங்கோ கரண்டு எடுக்கும் ஒரு பெரிய மிஷின் நின்றால் இங்கே முள் ஐம்பதிலிருந்து இறங்கும். ஊருக்குக் கொஞ்சமாகக் கரண்டை நிறுத்தி லோடைக் குறைக்காவிட்டால் மற்ற மிஷின்களும் ஒவ்வொன்றாக நின்றுவிடும்.

பல வருஷத்துக்கு முன் ஒருநாள், போன் செய்த அந்த மகளுக்கு மடவார் வளாகத் தெரு வீட்டில் நிச்சயதார்த்தம். அண்ணாச்சியை மாற்றிவிட வேண்டிய ஆள் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. ஆள் வராமல் நாற்காலியை விட்டு எழக்கூடாது. நல்ல நேரம் காத்திருக்குமா? தாய்மாமனே தட்டு மாற்றட்டும் என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து முள் சரிந்தது. உடனே லோடைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து போன். எந்தப் பகுதியை நிறுத்துவது என்று முறை எழுதிய சிட்டை எங்களிடம் உண்டு. அன்றைய முறை மடவார் வளாகம்.

“அடுத்தத நிப்பாட்டுவோம் அண்ணாச்சி. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்லே.”

அவரே ஸ்விட்சைத் திருப்பினார். எங்களைப் போல எத்தனை ஊரில் எத்தனை பேர் திருப்பினார்களோ, முள் நின்றது, பிறகு மெல்ல ஏறியது.

என்னைத் தன் வீட்டுக்கு விரட்டினார். அங்கே மின்விசிறி நின்று, தட்டு மாற்றும் நேரத்தில் சகுனம் சரியில்லை என்று மாப்பிள்ளையின் அத்தை எழுந்துவிட்டார். டிரான்ஸ்பார்மர் மேல் பழியைப் போட நாக்கு துடித்தது. ஆனாலும், நிறுத்தியது பெண்ணின் அப்பாதான், இன்று இந்தத் தெருவின் முறை என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா ராஜபாளையத்து மில்லில் ஃபிட்டர்.

“அப்ப நிப்பாட்டுனது சகுனமில்ல தாயி, நம்ம சம்பந்தி” என்றார் தங்கையிடம். “உக்காரு. சொந்த வீட்டுக்குன்னு முறைய மாத்தாத மனுசன். இந்த வீட்டுப் பொண்ணுதான் நமக்கு.”

அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த முறை ஒன்றுதான். நேற்று ரேஷன் கடை வரிசையில் தெரிந்தவர் ஒருவர் முன்னால் வரச் சொல்லிக் கூப்பிட்டார். கால் ஓரடி போய்விட்டது. திரும்பி வந்து என் இடத்திலேயே நின்றுகொண்டேன்.