நாலு மூலைக்கும் ஒரே விலை

ஒட்டுத்துணிப் போர்வையை நாங்கள் நாலு பேராகத்தான் தைப்போம். பழைய சேலைகளை அடுக்கி, மேலே துண்டுத்துணிகளை வைத்து, மூலைக்கு ஒருத்தி உட்கார்ந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே வருவோம். கூலி நாலு பேருக்கும் சமம்.

என் தையல் அரிசி அரிசியாக விழும். எதிர் மூலையில் என் கொழுந்தன் பெண்டாட்டி. அவள் போடுகிற ஒரு தையலுக்குள் என் சுண்டுவிரல் போய்வந்துவிடும். கூலி மட்டும் ரெண்டு பேருக்கும் ஒன்று! ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். சொந்தக்காரியாச்சே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நானும் அவளும்தான் போர்வையை, எங்களுக்குக் கூலி தரும் சிம்மக்கல் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் விரித்துத் தடவினார். கை அவளுடைய மூலையில் நின்றது.

"என்னம்மா இது, லொடலொடன்னு இருக்கு? பாதி ரேட்டுதான்."

"அந்த மூலைக்கு மட்டும் குறைங்கண்ணே. என் மூலையைப் பாருங்க."

"போர்வை ஒண்ணு, விலையும் ஒண்ணு. மூலைக்கு மூலை விலை போட இதென்ன வீட்டு மனையா?"

எனக்குக் கண்மண் தெரியவில்லை. மேஜையில் கிடந்த பெரிய கத்திரியை எடுத்துப் போர்வையின் நடுவில் குத்தினேன். தடுக்க வந்த அவர் மணிக்கட்டில் கத்திரிப் பிடியால் ஒரு இடி இடித்தேன். குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு. அடுக்குச் சேலை லேசில் வெட்டுப்படாது. பிடி அழுத்தி என் கட்டைவிரல் கிழிந்தது. ரத்தத்தோடு நாலு துண்டையும் அவர் மேல் வீசினேன்.

"இப்ப இழுத்துப் பாருங்க. தாங்குறதுக்கு ஒரு விலை, தாங்காததுக்கு ஒரு விலை."

அவரும் ஆத்திரத்தில் இழுத்தார். என் துண்டைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தும் தையல் அசையவில்லை. அவளுடையது ஒரே இழுப்பில் பிரிந்து, உள்ளே இருந்த சேலைகள் தனித்தனியாகத் தொங்கின. வாசலில் நின்ற லோடுமேன்கள் சிரித்தார்கள்.

அவள் என் கொண்டையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்து வந்து அறைந்தாள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? திருப்பிக் கொடுத்ததில் அவள் உதடு பிளந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா பிரிச்சுத் தச்சிருப்பேன்லக்கா? இம்புட்டு நாளும் எதிர உக்காந்துதான இருந்த? எவனோ ஒருத்தன் முன்னாடிதான் எங் கைத்தையலை இழுத்துக் காட்டணுமா?"

அதற்கும் நான் இன்னொரு அடிதான் அடித்தேன்.

வெட்டிய போர்வைக்கு யாருக்கும் காசு வரவில்லை. மற்ற ரெண்டு பேரும் என் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். ஆனால் கடைக்காரர் என் துண்டைத் திருப்பித் தரவில்லை. கொஞ்ச நாளில் ஆள் அனுப்பினார்: இனிமேல் அவரவர் போர்வையை அவரவரே தைக்க வேண்டும், தையலைப் பொறுத்து மூன்று விலை.

எனக்கு மேல் விலை. அது நியாயம்தான், யாரிடமும் அடித்துச் சொல்வேன். அவளும் தையலை நெருக்கி நெருக்கிப் போட்டு, போன தடவை அதே மேல் விலையை வாங்கிவிட்டாள். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் கீழக்குயில்குடி வரைக்கும் அவள் நின்றுகொண்டே வந்தாள்.