வாய்க்காலில் வெள்ளை நூல்

மலைமேல் வளப்பூர் நாட்டில் எனக்கு வாடகைக்குக் கிடைத்த வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. பக்கத்து வீட்டு அக்கா தை, மாசியில் பழுத்த மிளகைச் சாக்கில் கட்டித் தொட்டியில் ஊறப் போடுவார். தோல் அழுகியதும் தேய்த்துக் கழுவி, வெள்ளை மிளகாக்கிச் சோளக்காட்டுச் சந்தையில் விற்பார். அந்தக் கழுவுநீர் என் கொல்லைப்பக்கம் வந்துதான் தேங்கும். லேசாக நாறும். ஜன்னலைச் சாத்தினால் தெரியாது.

தண்ணீருக்குள் கற்கள் மேலெல்லாம் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கும், நைந்த வேட்டியிலிருந்து பிரிந்த நூல் மாதிரி. நான் மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த சுகாதார நிலைய லேப் டெக்னீஷியன். மாமியார் முதல்முறையாக வந்து தங்கப் போகிறார் என்றதும் அந்த வெள்ளை என் கண்ணை உறுத்தியது. அக்கா தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, பிளீச்சிங் பவுடரை வாரி இறைத்தேன். சாயங்காலத்துக்குள் கற்கள் பளிச்சென்று ஆகிவிட்டன. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

மாமியார் வந்த பிறகு கிளம்பியது பாருங்கள், அழுகின முட்டை நாற்றம். தெருவே மூக்கைப் பிடித்தது. மாமியாரின் வெள்ளி மெட்டி கறுத்துப்போனது. அந்த மெட்டியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கல்லூரியில் நான் படித்ததே நுண்ணுயிரியல்தான். காற்றில்லாத அடிச்சேற்றில் ஒரு கூட்டம் அந்தக் கந்தக வாயுவைக் கிளப்பும். அதையே சாப்பாடாக்கிக் கந்தகமாக மாற்றி, மேலே வெள்ளை நூலாகப் படர்ந்து வாழும் இன்னொரு கூட்டம். படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். என் பவுடர் மேலே இருந்ததைக் கொன்றது, சேற்றை எட்டவில்லை.

தெருக்காரர்கள் அக்காவிடம் சண்டைக்குப் போனார்கள். நான் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் யாரிடமும் மல்லுக்கட்டவில்லை. தொட்டியைக் காலி செய்துவிட்டு, மிச்ச மிளகைக் கறுப்பாகவே காயப்போட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஊட்டுக்கு ஒரம்பரை வந்த நேரத்துல இப்படிப் பண்ணிட்டேனுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

பரவாயில்லைக்கா என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். எல்லாம் தெரிந்தே சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

இந்தத் தையில் அவர் ஒரே ஒரு சாக்குதான் ஊறப் போட்டார், அதையும் பயந்து பயந்து. வாய்க்காலில் வெள்ளை நூல் திரும்ப வந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மறுநாளே அக்கா கையில் டப்பாவோடு வாசலில் நின்றார்.

"ஏனுங்க மேடம், அந்த வெள்ளை மறுபடி பூத்திருக்குதுங்க. நாத்தம் வாரதுக்குள்ள உங்க ஆபீஸ் பவுடர் கொஞ்சம் குடுங்க, போட்டுடறேன்."

தீர்ந்துவிட்டது என்று வாய் வரை வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அவரே சோளக்காட்டில் வாங்கி வந்து போட்டிருப்பார். அந்த வெள்ளைதான் நாற்றத்தைத் தின்கிறது, போன வருஷம் அதை அழித்தது நான்தான் என்று சொன்னேன்.

அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப எம் மொளகால அத்தனை நாத்தம் வரலீங்களா?"

"இல்லைக்கா."

அவர் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"ஒரு வருசமாத் தண்ணிக் கொழாய்க்குக்கூட எல்லாரும் போனதுக்கப்பறந்தான் போறேனுங்க" என்று சொல்லிவிட்டு, ஊறிய சாக்கைப் புரட்டிப் போடப் போனார்.