சாமி அறைக்கு மேல் விழுந்த ஓட்டை

சோலையண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் விளாங்குடியில் ஒரு வீட்டு மாடியில் நின்றுகொண்டிருந்தேன். யோகா வகுப்புக்காகப் புதிதாகப் போட்ட மரப்பலகைத் தளம். மூலையில் கை கழுவும் தொட்டி வைக்க வேண்டும், அதன் குழாய் கீழே இறங்கப் பலகையில் ஒரு துளை வேண்டும். சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, துளை போட அவர் வருவார் என்று காத்திருந்தேன். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னால் எட்டே முக்காலுக்கு வந்து நிற்கிறவர் அவர். ஒன்பதரைக்குக் கொஞ்சம் எரிச்சலோடுதான் போன் செய்தேன். மருமகன் எடுத்தார். விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம், ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். டி. கல்லுப்பட்டிக்குக் கொண்டுபோகிறோம் என்றார். அவர் பேசி முடித்த பிறகும் என் எரிச்சல் உடனே அடங்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

என்னைப் போல மதுரையில் வீட்டு மராமத்து வேலை பார்க்கும் என்ஜினீயர்களுக்கும் பிளம்பர்களுக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். சோலைராஜ் என்றால் உங்களில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. 'சாமி அறை சோலை' என்றால் தெரியும். மரத்தளத்தில் பெரிய துளை போட வேண்டுமானால் நீங்கள் எல்லாரும் அவரைத்தான் கூப்பிட்டீர்கள். கூப்பிட்டுவிட்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கிண்டலும் செய்தீர்கள். அவர் கை தவறிச் சாமி அறைக்கு மேல் ஓட்டை போட்டதால் அந்தப் பெயர் வந்தது என்று நீங்கள் கேள்விப்பட்ட கதை பொய்.

அவர் வேலை செய்யும் விதத்தை நான் பன்னிரண்டு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவள். டிரில் மெஷினில் கிண்ணம் போன்ற வட்ட ரம்பத்தை மாட்டுவதற்கு முன்னால், குறியின் நடுவில் மெல்லிசாக ஒரு துளை போடுவார். அதில் பழைய குடையிலிருந்து உருவிய கம்பி ஒன்றைச் சொருகிவிட்டுக் கீழே இறங்கிப் போவார். கம்பி எங்கே எட்டிப் பார்க்கிறது, பக்கத்தில் உத்தரம் இருக்கிறதா, ஒயர் போகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மேலே வருவார். பாதி ஆழம் மேலிருந்து அறுப்பார், மீதியைக் கீழேயிருந்து ஏணி போட்டு அறுப்பார். அப்போதுதான் பலகையின் அடிப்பக்கம் பிய்யாது. "ஓட்டை மேல ஆரம்பிக்கல மேடம், கீழ எங்க முடியுதோ அங்கதான் ஆரம்பிக்குது" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

அவசரப்படுத்தினால் அவருக்குப் பிடிக்காது, ஆனால் கோபப்படவும் மாட்டார். கே.கே. நகரில் ஒரு டாக்டர் வீடு. ரம்பத்தை நாலு சுற்றுக்கு ஒரு தரம் வெளியே எடுத்து, தூளைத் தட்டி, சூடு ஆறவிட்டு மறுபடி இறக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முனகினார். சோலையண்ணன் நிமிராமலே, "ஆபரேசன்ல நாங்க வந்து வேகமா அறுங்கன்னு சொல்றோமா சார்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு உள்ளே போய் எங்களுக்குக் காபி சொன்னார்.

இனி அந்தக் கதை. நான் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்த முதல் வருடம். மாசி வீதிப் பக்கம் ஒரு பழைய வீடு, மேல்மாடி முழுக்கத் தேக்குப் பலகைத் தளம். கீழே முன்பகுதியைக் கடைக்கு விட்டுவிட்டு, ஓய்வுபெற்ற தபால் ஆபீஸ் குமாஸ்தாவும் அவர் மனைவியும் மாடியில் குடியிருந்தார்கள். சர்க்கரை நோயில் அந்த அம்மாவுக்கு ஒரு காலை எடுத்திருந்தார்கள். கழிப்பறையோ கீழே, பின்கட்டில். ஒவ்வொரு தடவையும் கணவர் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டதாக அந்த அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார். மாடியிலேயே கழிப்பறை கட்ட வேண்டும், அதன் குழாய் பலகையைத் துளைத்துக் கீழே நடையில் இறங்க வேண்டும். நடைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் பூஜை அறை.

கீழே வெளிச்சுவரின் உள்பக்கத்திலிருந்து நடை வரை அளந்தேன். அதே அளவை மாடியில் சுவரிலிருந்து வைத்துக் குறி போட்டேன். பழைய வீடுகளில் கீழ்ச்சுவர் மேல்சுவரைவிட ஒரு சாண் தடிமன் கூடுதல் என்பது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். அன்றைக்கு மறந்துவிட்டேன். அந்த ஒரு சாண் அளவுக்குக் குறி வெளிச்சுவர்ப் பக்கம் தள்ளிப் போயிருந்தது. அண்ணன் குடைக்கம்பியை எடுத்தார். எனக்கு இன்னொரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. கம்பியெல்லாம் வேண்டாம், நான் அளந்தாயிற்று, மேலிருந்தே அறுத்துவிடுங்கள் என்றேன்.  அவர் கம்பியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

அறுபட்ட வட்டக்கட்டை பூஜை அறையில், எரிந்துகொண்டிருந்த விளக்கின் மேல் விழுந்தது. எண்ணெய் படங்களின் மேல் தெறித்தது. குமாஸ்தா ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார். சாமி தலைக்கு மேல் கழிப்பறைக் குழாய்க்கு ஓட்டை.  யார் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சோலையண்ணன் கைகூப்பி, "என் கை தப்பிருச்சுங்க. மேடம் சரியாத்தான் குறி போட்டாங்க" என்றார். திறக்க இருந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

அந்த வட்டக்கட்டையை எடுத்து, பலகையின் ரேகையோடு ரேகை பொருந்தும்படித் திருப்பி வைத்து, அடியில் சட்டம் கொடுத்து, இடைவெளியை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்தார். வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாலும் வட்டம் தெரியவில்லை. அப்புறம் குடைக்கம்பியை விட்டுப் பார்த்துச் சரியான இடத்தில் அறுத்தார். அந்த அம்மாவுக்குக் கழிப்பறை கிடைத்தது. வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நீங்க புதுசு மேடம். பொம்பள என்ஜினீயர் தப்பா அளந்துட்டாங்கன்னு ஒரு வீட்டுல சொன்னா அம்புட்டுத்தான், அடுத்த வீட்டுல உள்ள விட மாட்டாங்க. எனக்கென்ன, வைவாங்க, அப்புறம் கூப்பிடுவாங்க" என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. எனக்கு வேலை பெருகியது, அவருக்குப் பட்டப்பெயர் வந்தது. நீங்கள் கிண்டல் செய்தபோதெல்லாம் நானும் கூட நின்று சிரித்திருக்கிறேன். சொல்லிவிடலாம் என்று நான் பேச்சை எடுக்கும்போதெல்லாம், அந்தப் பேச்சை விடுங்க என்பார். நானும் வசதியாக விட்டுவிட்டேன்.

டி. கல்லுப்பட்டியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவர் மனைவி பாண்டியம்மாள் மதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே சொன்னார். "சாமி தலைக்கு மேல ஓட்டையப் போட்டியே, அந்தப் பாவந்தான உன்னய இப்புடிக் கொண்டுக்கிட்டுப் போயிருச்சு." நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். அன்றும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், சாவதற்கு முந்தின நாள் விளாங்குடியில் அவர் வைத்துவிட்டுப் போயிருந்த கருவிப் பையை எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனேன். குறி போட்டது நான், கம்பி வேண்டாம் என்றதும் நான், அவர் மேல் எந்தப் பாவமும் இல்லை என்றேன். மதினிக்கு இது தெரிந்திருக்கவில்லை. கட்டின மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. 

"எங்கிட்டக்கூட சொல்லலையே அந்த மனுசன்" என்றார் மதினி. பிறகு, "அவரு சொல்லல சரி. நீங்க ஏம்மா இம்புட்டு வருசம் வாயத் தொறக்கல?" என்று கேட்டார்.

 அழத்தான் முடிந்தது. மதினி பையைத் திறந்து, ரம்பங்களுக்கு நடுவிலிருந்து குடைக்கம்பியை எடுத்து என் மடியில் வைத்தார். "இத நீங்க வச்சுக்கங்க. இனிமேலாச்சும் கீழ எறங்கிப் பாத்துட்டுக் குறி போடுங்க."

விளாங்குடியில் என் சாக்பீஸ் வட்டம் அப்படியே இருந்தது. வேறொருவரை வைத்து நடுவில் மெல்லிய துளை போட்டேன். கம்பியை நானே சொருகிவிட்டு, படியிறங்கிப் போய் அண்ணாந்து பார்த்தேன். கம்பி நான் நினைத்த இடத்தில் இல்லை, நாலு விரல் தள்ளி ஒயர் பக்கத்தில் எட்டிப் பார்த்தது. அண்ணே என்று என்னையறியாமல் கூப்பிட்டுவிட்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, அந்தக் குடைக்கம்பி. இன்னொன்று, பன்னிரண்டு வருடம் அவர் எனக்காகச் சுமந்த பெயர். இனி டீக்கடையில் அந்தக் கதையைச் சொல்வதானால் சோலையண்ணனை விட்டுவிடுங்கள். அந்த ஓட்டை என்னுடையது. என் பெயரைப் போட்டே சொல்லுங்கள்.